கைபொக்கி

எங்க கடைக்கு வர்றவங்க எல்லாம் கல்லாவை முட்டிக்கிட்டு நின்னு, பாய் ரீசார்ஜ், பாய் குபூஸ் ரொட்டி, பாய் சிகரெட்டுன்னு ஒரே மூச்சுல கத்துவாங்க. இவரு ஒருத்தருதான் கதவோரத்துல, ஐஸ்கிரீம் பெட்டிகிட்ட நின்னுக்கிட்டு வலது கையைத் தூக்குவாரு. சத்தம் கிடையாது. முழங்கை மடங்காம, உள்ளங்கை விரிஞ்சு, நேரா மேல. நான் பார்க்குற வரைக்கும் அந்தக் கை இறங்காது. "ரெஃப்ரி பார்த்துட்டாரு, வாங்க" என்று நான் சொன்னதும்தான் இறக்குவாரு. வந்து வாங்குறது என்னவோ ஒரு மோர் பாக்கெட்டும் வறுத்த கடலையும். அதுக்கு இவ்வளவு பெரிய மனு.

பேரைச் சொல்ல வேணாம். இப்போ குவைத்துல, ஃபஹாஹீல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கிரவுண்டைப் பார்த்துக்குற வேலையில இருக்காரு. நல்லா இருக்காரு, அல்ஹம்துலில்லாஹ். தன்னைப் பத்தி நாலு பேரு பேசுறாங்கன்னு தெரிஞ்சா ஒரு வாரம் என்கிட்ட பேச மாட்டாரு. இங்க ஷார்ஜா முவைலாவுல இருந்தப்ப அவருக்குப் பேரும் தேவைப்படல. எங்க ஆளுங்களுக்கு அவரு பேக் அண்ணன். எதிர்த்து ஆடுற மலையாளிகளுக்குக் கைபொக்கி. கையைத் தூக்குனவன்னு அர்த்தம்.

அந்தப் பட்டம் வந்த கதையைச் சொல்லணும்னா முதல்ல எங்க டீமைப் பத்திச் சொல்லணும். என் கடைக்குப் பின்னாடி ஒரு கட்டுமானக் கம்பெனியோட ஆளுங்க தங்குற கேம்ப். அதுல நம்ம ஊர்க்காரங்க நிறைய. கேம்ப்புக்கும் குடோன் வரிசைக்கும் நடுவுல ஒரு மணல் பொட்டல். அதுல லீவு நாள் சாயங்காலம் செவன்ஸ் ஆடுவோம், ஒரு பக்கத்துக்கு ஏழு பேரு. லீவு ஞாயித்துக்கிழமைக்கு மாறி வருஷமாச்சு, நாங்க இன்னும் அதை வெள்ளிக்கிழமை மேட்ச்சுன்னுதான் சொல்லுவோம். கோலைக் காக்குற கோலியா நின்ன பையன் ஊருக்குப் போயிட்டதால, குறுக்க நிறைய இடத்தை அடைப்பேன்ங்கிற ஒரே தகுதியில என்னைக் கோலியாக்கிட்டாங்க. நான் கம்பெனி ஆளு இல்ல, கடைக்காரன். ஆனா கோல் போஸ்ட்டுக்கு விசா பார்க்குறது யாரு.

இவரு கம்பெனிக்கு வந்த புதுசு. சைட்ல ஸ்டோர்ல வேலை, ஹெல்மெட், கையுறை, ஸ்பேனர்னு எடுத்துக் குடுக்குறது. நாப்பது வயசு இருக்கும், காதோரம் நரை. காலேஜ்ல ஆடியிருக்காரு, கொல்கத்தாவுல சம்பளத்துக்கு ஆடியிருக்காருன்னு சொன்னாங்க. நாங்க வாயைப் பொளந்துட்டோம். கொண்டுவந்து வலது பேக்ல, அதாவது கோலுக்கு முன்னால தடுக்குற இடத்துல நிறுத்தினா, மனுஷன் முதல் பத்து நிமிஷம் எங்களுக்கு வேலையே வைக்கல. பந்தைப் பிடுங்க ஓட மாட்டாரு. எதிராளிக்குப் பக்கத்துலயே சாவகாசமா நடந்து, அவனை ஓரமா, ஓரமா ஒதுக்கிக்கிட்டே போய்க் கோட்டுக்கு வெளிய விட்டுடுவாரு. வீட்டுக்குள்ள வந்த கோழியை விரட்டுற மாதிரி, அவ்வளவுதான்.

அப்புறம் நடுவுலேர்ந்து ஒரு பந்து தூக்கிப் போட்டாங்க. இவரு ரெண்டு எட்டு முன்னால வந்தாரு, கையைத் தூக்கினாரு, நின்னுட்டாரு. அவங்க ஆளு இவரைத் தாண்டி ஓடுனான், என்னைத் தாண்டினான், கோல் போட்டான், சட்டையைக் கழட்டிச் சுத்துனான். இவரு அப்பவும் கையை இறக்காம ரெஃப்ரியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "யோவ், செவன்ஸ்ல ஆஃப்சைடு கிடையாதுய்யா" என்று கத்தினேன். வேடிக்கை பார்த்த மலையாளிங்க சிரிச்ச சிரிப்புல அன்னைக்கே பட்டம் விழுந்துருச்சு.

ஆட்டம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பதினோரு பேரு ஆடுற பெரிய ஆட்டத்துல, பந்து போடுற நேரத்துல எதிராளி நம்ம பேக்குகளைத் தாண்டித் தனியா நின்னா ஆஃப்சைடு. அவன் போட்ட கோல் செல்லாது. அதனால விவரமான பேக்குங்க, ஒருத்தன் குரல் குடுத்ததும் எல்லாரும் ஒண்ணா முன்னால வருவாங்க. அவன் பின்னால தனியா மாட்டிக்குவான். இவங்க கையைத் தூக்கி ரெஃப்ரிக்குக் காட்டுவாங்க. இதுல ஒரே ஒரு வில்லங்கம்தான். நாலு பேக்குல ஒருத்தன் வராம பின்னாலயே நின்னுட்டான்னா எதிராளி தப்பிச்சுடுவான். கை தூக்கினவன் ஊர் முன்னாடி முட்டாளா நிப்பான்.

எங்க செவன்ஸ்ல அந்தச் சட்டமே கிடையாது. அதை அவருக்குப் புரிய வைக்க ஒரு மாசம் ஆச்சு. காலுக்குப் புரிஞ்சது, கைக்குக் கடைசி வரைக்கும் புரியல. எதிராளி தாண்டினா கை தானா மேல போயிடும், காலு அவன் பின்னால ஓடும். கையைத் தூக்கிக்கிட்டே ஓடுற பேக்கை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. எங்க கிரவுண்டுக்கு அதைப் பார்க்கன்னே ஆளு வரும்.

கிரவுண்டோட போயிருந்தா சிரிச்சுட்டு விட்டுருக்கலாம். இந்தக் கை எல்லா இடத்துக்கும் கூடவே வரும். ஒரு தடவை பணம் அனுப்புற எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பேரும் வரிசையில நிக்கிறோம். சம்பள வாரம், கூட்டம் நெரியுது. ஒரு தடியன் நேராப் போய் முன்னால சொருகிட்டான். நானா இருந்தா அவன் பாட்டன் வரைக்கும் விசாரிச்சிருப்பேன். இவரு கையைத் தூக்கினாரு. வாயைத் திறக்கல. அவன் திரும்பிப் பார்த்து, க்யா ஹை, க்யா ஹைங்கிறான். கை அப்படியே நிக்குது. வரிசையில உள்ளவங்க கையைப் பார்த்துட்டு அவனைப் பார்க்குறாங்க, கவுண்டர்ல உள்ள பொண்ணும் பார்க்குது. கொஞ்ச நேரம் முறைச்சுப் பார்த்தான். அப்புறம் என்னத்தையோ முணுமுணுத்துக்கிட்டுப் பின்னால போயிட்டான். வெளிய வந்ததும், எப்படிங்க இதுன்னு கேட்டேன். எப்பவாச்சும் விசில் அடிச்சிருவாங்க பாய், என்று சொல்லிட்டு ரோட்டைக் கடந்தாரு. அதுக்கும் கையைத் தூக்கிக்கிட்டுத்தான்.

அவரு பெரிய ஆட்டம் ஆடுன காலத்தை நான் துண்டு துண்டாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரரு. ஃபுட்பால் ஆடுற எந்தப் பையனும் கோல் போடத்தான் ஆசைப்படுவான், ஃபுல் பேக் ஆகணும்னு ஒருத்தனும் நேர்ந்துக்க மாட்டான். இவரு ஆசைப்பட்டாராம். ஏன்னு கேட்டா, அந்த இடத்துக்கு அடிச்சுப் பிடிக்க வேண்டாம்லா பாய், என்பாரு. அந்த இடத்தாலதான் பாளையங்கோட்டையில காலேஜ் சீட்டு கிடைச்சுது. பல்கலைக்கழக டீமுக்கு ஆடினாரு. அப்புறம் மெட்ராஸ் லீக்ல ஒரு கிளப்பு, அங்கேர்ந்து கொல்கத்தா கிளப்பு ஒண்ணு ஒப்பந்தம் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போச்சு. அங்க மீன்குழம்பும் மழையும் ஒத்துக்கிட்டதாம், பெங்காலியில திட்டுறதும் நல்லாப் புரிஞ்சுதாம்.

அந்தக் காலத்துக்கு அவர்கிட்ட இருந்தது ஒரே ஒரு பேப்பர் போட்டோ. போன்ல வச்சிருந்தாரு. டீம் போட்டோவுல எப்பவும் வலது கோடியில நிப்பாராம், பேப்பர்க்காரன் இடம் பத்தலைன்னு ஓரத்தை வெட்டிடுவானாம். இந்தப் போட்டோவுல மட்டும் தப்பிச்சுட்டாரு. எதிர் டீம்காரன் கோல் அடிக்கிற படம் அது. அவன் பளிச்சுன்னு இருக்கான். பின்னால, கலங்கலா, ஒருத்தன் கையைத் தூக்கிக்கிட்டு லைன்ஸ்மேனைப் பார்த்துக்கிட்டிருக்கான். அதுதான் இவரு.

"ஆஃப்சைடா இல்லையா, உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டேன். படத்தைப் பெருசாக்கி, ஓரத்தைக் காட்டினாரு. அங்க ஒரு காலு மட்டும் தெரியுது. அவங்க டீமு ஸ்டாக்கிங்ஸ் போட்ட காலு. ஒரு பேக்கு வராம பின்னாலயே நின்னுருக்கான்.

யாரு அந்தக் காலுன்னு கேட்டேன். சொல்லல. கோச்சும் அன்னைக்கு அதைத்தான் கேட்டாராம், அவர்கிட்டயும் சொல்லலையாம். கோல் விட்டது வலது பக்கம், கை தூக்கினது இவரு, அதனால பழியும் இவரு மேலயே விழுந்துச்சு. அடுத்த சீசனுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கல. இவரு கடலையை ஊதி ஊதித் தின்னுக்கிட்டே சொன்னாரு:

"முன்னால வான்னு கூப்பிட்டவன் சத்தமாக் கூப்பிட்டிருக்கணும் பாய். அவன் காதுல விழுந்திருந்தா வந்திருப்பான்."

இந்த மனுஷனை என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

போன வருஷம் மே மாசம் கேம்ப்புல ஏசி போச்சு. முழுக் கேம்ப்பும் இல்ல, ரெண்டாவது மாடி பூராவும். அந்த மாடியிலதான் நம்ம டீமுக்காரங்க எல்லாம். மே மாசம் ஷார்ஜாவுல ஏசி இல்லாத ரூமுன்னா, ரொட்டி சுடுற அடுப்புக்குள்ள படுக்குற மாதிரி. ஆளுங்க பாய் தலையணையைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனாங்க, அங்கயும் காத்து இல்ல. கேம்ப்பை மேய்க்கிற கேம்ப் பாஸ்கிட்ட சொன்னா நாளைக்கு நாளைக்குன்னான். சைட்ல தூங்கி விழுந்து ஒருத்தன் கையை நசுக்கிக்கிட்டான். சாயங்காலமானா என் கடைக்கு வந்து, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு என்ன வாங்குறதுன்னு யோசிக்கிற மாதிரி நிப்பாங்க. நானும் கண்டுக்க மாட்டேன்.

அப்பதான் ஹெட் ஆபீஸ் மேனேஜர் கேம்ப்பைப் பார்க்க வர்றாருன்னு சேதி வந்துச்சு. வந்தா எப்பவும் நடக்குறது ஒண்ணுதான். முற்றத்துல எல்லாரையும் நிறுத்தி, ஏதாவது பிரச்சினை இருக்காம்பாரு. கேம்ப் பாஸ் அவரு தோளுக்குப் பின்னால நின்னு ஒவ்வொரு மூஞ்சியாப் பார்ப்பான். ஒருத்தனும் மூச்சு விட மாட்டான். மேனேஜர் சந்தோஷமாக் காரேறிப் போயிடுவாரு. இந்தத் தடவை அப்படி விடக்கூடாதுன்னு என் கடை வாசல்லதான் பேச்சு நடந்துச்சு. யோசனை முருகேசனோடது. முருகேசன் எங்க டீமு ஸ்டாப்பர், நடுவுல நிக்கிற பேக்கு. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், நல்லவன், இவரு மேல உசுரு. மேனேஜர் கேட்டதும் மாடியில இருக்கிற எல்லாரும் ஒண்ணா கையைத் தூக்கிடணும், ஒருத்தன்னா மிரட்டுவான், எல்லாரையும் என்ன பண்ணுவான்னு சொன்னான். எல்லாரும் சரின்னாங்க. கை தூக்குறதுக்கு நம்ம அண்ணன் இருக்கார்ல, பார்த்துத் தூக்கிக்கங்கன்னு ஒருத்தன் கேலி பண்ணினான். இவரும் சிரிச்சாரு.

எனக்கு மட்டும் சிரிப்பு வரல. அந்த மாசம் இவருக்கு விசா ரினிவல். பொண்ணு ஊர்ல நர்ஸிங் படிக்குது, இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு பாக்கி. இன்னும் ஒரே ஒரு ரினிவல், அது கிடைச்சாப் போதும் பாய், பிள்ளை கரையேறிரும், அப்புறம் யாரும் போகச் சொல்ல வேண்டாம், நானே போயிருவேன்னு அவரு என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. இந்த வயசுல வேற கம்பெனியில யாரு ஸ்டோர் வேலை குடுப்பா. தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன், நீங்க மட்டும் கொஞ்சம் பின்னால நில்லுங்கன்னு. நான் ஏதோ அசிங்கமாச் சொல்லிட்ட மாதிரி என்னைப் பார்த்தாரு.

மேனேஜர் வந்த அன்னைக்குக் காலையில தண்ணி பாட்டில் இறக்க நான் கேம்ப்புக்குப் போயிருந்தேன். கேட்டுக்குப் பக்கத்துல தள்ளுவண்டியோட நிக்கிறேன், எல்லாம் தெரியுது. மேனேஜர் நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தாரு. சிரிச்சுக்கிட்டே இந்தியில கேட்டாரு, தம்பிங்களா, ஏதாவது பிரச்சினை இருக்கான்னு. பின்னாலேர்ந்து கேம்ப் பாஸ் பார்க்க ஆரம்பிச்சான்.

வலது கோடியில ஒரு கை மேல போச்சு. முழங்கை மடங்காம, உள்ளங்கை விரிஞ்சு.

வேற ஒரு கையும் வரல.

நான் முருகேசனைப் பார்த்தேன். அவன் குனிஞ்சு தன் செருப்பையே பார்த்துக்கிட்டிருந்தான். தோளு ஒரு தரம் அசைஞ்சுது, அவ்வளவுதான். மத்தவனுங்க சுவரைப் பார்க்குறான், வானத்தைப் பார்க்குறான். கேம்ப் பாஸ், உன் ஒருத்தனுக்கு மட்டும் என்னய்யா பிரச்சினைன்னான். இவரு கையை இறக்காமலே, மாடியில ஏசி ஓடலைன்னு சொன்னாரு. மேனேஜர் மத்தவங்களைப் பார்த்து, அப்படியான்னு கேட்டாரு. யாரும் பேசல. சரி பார்க்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் தண்ணி பாட்டிலை இறக்காமலே வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்துட்டேன்.

அந்த வாரக் கடைசியில ஏசிக்காரங்க வந்து மாடி பூராவும் சரி பண்ணிட்டுப் போனாங்க. அதுக்கு அடுத்த வாரம் ஆபீஸ்ல இவரைக் கூப்பிட்டு, ஸ்டோர்ல ஆளைக் குறைக்கிறோம், ரினிவல் இல்ல, மாசக் கடைசியில ஊருக்கு டிக்கெட்டுன்னு சொல்லிட்டாங்க. யாரு மேலயும் குத்தம் சொல்ல முடியாத மாதிரி, ரொம்ப மரியாதையாச் சொன்னாங்களாம்.

முருகேசன் கடைக்கு வந்தான். நான் விடல. கடைக்காரனுக்கு என்ன, வெளிய நின்னு எதுவும் பேசலாம்தான், இருந்தாலும் பேசினேன். கூலான ரூம்ல தூக்கம் நல்லா வருதாடான்னு கேட்டேன். அவன் அழுதான். அவனுக்கும் ரினிவல் அடுத்த மாசம்தான், கல்யாணக் கடன் தலைக்கு மேல, கையைத் தூக்கத்தான் பார்த்தேன் பாய், தோளு வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல வரலைன்னான். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்கிறேன், கதவோரத்துல கை ஒண்ணு தூக்கியிருக்கு. எப்ப வந்தாருன்னே தெரியல. விடுங்க பாய், என்றாரு. அவன் போனதும் என்கிட்ட சொன்னாரு:

"நான்தான் கொஞ்சம் முந்தித் தூக்கிட்டேன். குரல் குடுத்துட்டுத் தூக்கியிருக்கணும்."

எனக்குக் கோவம் தாங்கல. உங்களுக்குப் பைத்தியமா, பொண்ணு படிப்புக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு கத்திட்டேன். மோர் பாக்கெட்டைப் பிரிக்காமலே கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. அவரு பயந்து நான் பார்த்தது அன்னைக்கு ஒரு நாள்தான்.

அவரு கிளம்புறதுக்கு முந்தின ஞாயிறு, முவைலா செவன்ஸ் கோப்பையோட ஃபைனல். எங்க டீமு அதுவரைக்கும் ஃபைனலைக் கண்ணால பார்த்தது கிடையாது. மணல் பொட்டல் இல்ல, வாடகைக்கு எடுத்த புல்தரை, சாயங்காலமே லைட்டு போட்டாச்சு. மலையாளிங்க செண்டை மேளத்தோட வந்திருந்தாங்க. எங்க பக்கம் கேம்ப்புக்காரங்க கம்பி வேலி ஓரமா நிரம்பி நின்னாங்க, சத்தமில்லாம. முருகேசன் வந்ததுலேர்ந்து இவரு முகத்தைப் பார்க்கல. இவரு எப்பவும் போல வலது ஓரத்துல நின்னு, தரையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

ஆளுக்கு ஒரு கோல். நானே நம்ப முடியாத மாதிரி ரெண்டு பந்தைத் தடுத்தேன், ஒண்ணு வயித்துல பட்டு. இவரு அவங்க வேகக்காரப் பையனை ஓரமா ஒதுக்கி ஒதுக்கி, பாவம், அவன் சோர்ந்தே போயிட்டான். ஆட்டம் முடியப்போகுது. டிராவானா பெனால்ட்டி, பெனால்ட்டியில நம்ம ஜெயிச்சாலும் ஜெயிக்கலாம்.

அப்ப நடுவுலேர்ந்து ஒரு பந்து தலைக்கு மேல வந்துச்சு. அந்தப் பையன் இவரைத் தாண்டிட்டான். இவரு கை மேல போச்சு, காலு ஓட ஆரம்பிச்சுது. எப்பவும் நடக்குறதுதான். முருகேசன் பின்னால இருக்கான், அவன் தடுத்துடுவான், நானும் தயாரா நிக்கிறேன்.

முருகேசன் தடுக்கப் போகல. ரெண்டு எட்டு முன்னால வந்தான். நின்னான். வலது கையைத் தூக்கினான். முழங்கை மடங்காம.

ஒரு நொடி எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் இடது பேக்கு நின்னு கையைத் தூக்கினான். நடுவுல நின்ன ரெண்டு பேரு தூக்கினாங்க. அங்க தூரத்துல ஃபார்வேர்டு பையனும் நின்னு திரும்பித் தூக்கினான். யாரும் பேசி வச்சுக்கல, சத்தியமா. வேலி ஓரத்துல பார்த்தா கேம்ப்புக்காரங்க கையும் ஒவ்வொண்ணா மேல போகுது. பந்தோட வந்த பையன் மிரண்டுட்டான். ரெஃப்ரியைப் பார்க்குறான், எங்களைப் பார்க்குறான். என் ஜோலி கோலைக் காக்குறது. ஆனா என் கையும் மேல போயிடுச்சு, நான் என்ன பண்ண. அவன் மெதுவா, பயந்து பயந்து, பந்தை உள்ள தட்டிவிட்டான்.

செண்டைகூட நின்னுபோச்சு. பின்னால ஓடி வந்துக்கிட்டிருந்த இவரு எங்களைப் பார்த்துட்டு, தொண்டை கிழியக் கத்தினாரு. அவரு குரல் அவ்வளவு பெருசுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"ஏலே, செவன்ஸ்ல ஆஃப்சைடு கிடையாதுலே! ஓடுங்கலே!"

ஒருத்தனும் ஓடல. அப்படியே நின்னோம். இவரு முருகேசனைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, வேலியைப் பார்த்தாரு. எங்க எல்லார் கையும் மேல இருந்துச்சு. அவரு கை மட்டும்தான் கீழ. அந்தக் கையால முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைச்சுக்கிட்டு, வலைக்குள்ள கிடந்த பந்தை எடுத்துக்கிட்டு, மறுபடி ஆட்டம் தொடங்க நடுவுல வைக்கிறதுக்காக நடந்து போனாரு.